எழுதாமல் விட்ட பச்சை

போன மாதம் நான் வேலை செய்த ஆய்வுகூடத்துக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறது, வந்து பாருங்கோ மிஸ் என்று இப்போது அங்கே பொறுப்பாக இருக்கும் பிள்ளை தொலைபேசியில் சொன்னாள். போனேன். கருவி ஒரு ரோச் லைட் அளவுதான் இருந்தது. கண்ணாடிக் குப்பி ஒன்றில் இருந்த வெள்ளைத் தூளுக்கு நேரே அதன் வாயை வைத்து விசையை அழுத்தினாள். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் திரையில் தூளின் பெயர் வந்துவிட்டது. குப்பியின் மூடியைக்கூடத் திறக்கவில்லை.

"உங்கடை காலத்திலை இதுக்கு எவ்வளவு நேரம் எடுக்கும் மிஸ்?" என்று பக்கத்தில் நின்ற இன்னொருத்தி கேட்டாள்.

அரை நாள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் வீடு திரும்பும்போது அந்தப் பதில் உறுத்திக்கொண்டே வந்தது. ஒரு தூளுக்கு எனக்கு நான்கு நாட்கள் எடுத்தன. அந்தப் பிள்ளைகளுக்கு நான் அதை ஒருநாளும் சொன்னதில்லை. வாயால் சொல்ல வராது என்பதால் எழுதுகிறேன்.

எங்களுடையது ஒரு சிறிய அரச ஆய்வுகூடம். கிணற்றுத் தண்ணீர், பால், மிளகாய்த்தூள், தேயிலைத்தூள் இவைதான் அன்றாடம். மிளகாய்த்தூளில் செங்கல் தூள் இருக்கிறதா, தேயிலைக்குச் சாயம் போட்டிருக்கிறார்களா, கிணற்றில் மலசலகூடத்துக் கசிவு இறங்கியிருக்கிறதா என்று பார்ப்போம். கொக்குவிலில் இருந்து சைக்கிளில் போய்ச் சேர்ந்த முதல் இரண்டு வருடம் குப்பி கழுவினேன். அடுத்த மூன்று வருடம் மற்றவர்கள் செய்வதைப் பார்த்தேன். பிறகு சண்டை, இடப்பெயர்வு, மின்சாரம் இல்லாத வருடங்கள். அதையெல்லாம் இங்கே விரித்து எழுதப்போவதில்லை. எனக்கு வேலை தெரிந்தது ஜெயரத்தினம் சேர் பொறுப்பாளராக வந்த பிறகுதான்.

சேர் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த மெதடிஸ்தக் கிறிஸ்தவர். வெள்ளை நீளக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டியிருப்பார். யாரையும் நீர் என்றுதான் கூப்பிடுவார், கூட்டித் துடைக்க வரும் பெண்ணையும் சேர்த்து. கோபம் வந்தால் குரல் இன்னும் தாழும். அவர் வந்த முதல் கிழமையே எங்கள் ஒவ்வொருவருக்கும் பக்க இலக்கம் போட்ட தடித்த கொப்பி ஒன்று தந்தார். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'கண்டது', வலப்பக்கம் 'நினைத்தது'. கண்டதை மையால் எழுத வேண்டும், நினைத்ததைப் பென்சிலால் எழுத வேண்டும்.

"நினைச்சதை அழிக்கலாம். கண்டதை அழிக்கேலாது," என்று மட்டும் விளக்கம் சொன்னார்.

பெயர் தெரியாத பொருள் ஒன்று வந்தால் அவர் செய்வது எப்போதும் ஒரே ஒழுங்கு. முதலில் மின்விசிறியை நிறுத்துவார். மேசையில் ஈரமாக்கிய பேப்பரை விரிப்பார். கையுறை, முகமூடி போட்டுக்கொண்டு, காற்று தன் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நிற்பார். திறப்பதற்கு முன் கொண்டுவந்தவரை உட்கார வைத்து மூன்று கேள்வி கேட்பார். எங்கே இருந்தது, அதைச் சுற்றி என்ன இருந்தது, யார் யார் தொட்டார்கள். பதிலை மையால் எழுதுவார். அதன் பிறகுதான் மூடியில் கை வைப்பார். மணந்து பார்ப்பது, நாக்கில் வைப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒருமுறை கொக்குவிலில் மதில் கட்ட அத்திவாரம் வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பெரிய தகரப் பேணி ஒன்று வந்தது. மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றியிருந்தது. உள்ளே சாம்பல் கலந்த மஞ்சள் தூள். வெடிமருந்து என்று ஊர் விலகி நின்றது. வெடி பார்ப்பவர்கள் வந்து பார்த்து, இது எங்கள் சாமான் இல்லை என்று எங்களிடம் அனுப்பினார்கள். சேர் மூன்று கேள்வியும் கேட்டு, துளி எடுத்து, தண்ணீரில் கரைத்து, அயடீன் ஒரு சொட்டு விட்டார். கருநீலமாக மாறியது. மாப்பொருள். பனங்கிழங்கைக் காயவைத்து இடிக்கிற ஒடியல் மா. இடம்பெயர்ந்து ஓடுவதற்கு முதல், திரும்பி வந்தால் சாப்பிட என்று யாரோ புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வரவில்லை. சேர் அந்தப் பேணியைக் கொட்டவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்து மூடச் சொன்னார்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது.

சண்டை ஓய்ந்து, பாதை திறந்து, ஆட்கள் திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கப்பட்ட வருடங்கள் அவை. ஒரு திங்கட்கிழமை பி.எச்.ஐ. என்று சொல்லும் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மட்டைப்பெட்டி ஒன்றில் ஏழு மாதிரிகள் கொண்டுவந்தார். கூடவே ஆஸ்பத்திரி டொக்டரின் கடிதம். எங்கள் பக்கத்துக் கடற்கரையான கொழும்புத்துறையில் ஒரே வளவில் இருக்கும் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் மூன்று பேருக்கு ஒரே மாதிரி வருத்தம். வயிற்று நோவு, உள்ளங்காலில் நெருப்பு வைத்தது போன்ற எரிவு. போர்த்திய சீலை காலில் படுவதைக்கூடத் தாங்க முடியவில்லை. பதினேழு வயது மகளை வார்ட்டில் வைத்திருக்கிறார்கள். கிணற்றிலோ சாப்பாட்டிலோ ஆசனிக் என்ற நஞ்சு இருக்குமோ என்று டொக்டர் சந்தேகப்பட்டிருந்தார்.

சேர் அன்று வவுனியாவில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பொறுப்பு என்னுடையது.

கிணற்றுத் தண்ணீர், குடத்துத் தண்ணீர், அரிசி மா, உப்பு, மிளகாய்த்தூள், கருவாடு என்று வரிசையாகப் பார்த்தேன். ஒன்றிலும் ஆசனிக் இல்லை. ஏழாவது ஒரு சின்னக் குப்பி. சுகாதாரப் பரிசோதகர் தன் கையெழுத்தில் 'திருநீறு, சாமியறை' என்று ஒட்டியிருந்தார். திறந்தேன். நல்ல நைசான வெள்ளைத் தூள். அன்று காலை குளித்துவிட்டு நான் நெற்றியில் பூசி வந்ததும் அதேபோலத்தான் இருந்தது. என் நெற்றியில் இருப்பதையே சோதிக்கிறேனே என்று கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

ஆசனிக் இல்லை. அமிலம் ஒரு சொட்டு விட்டேன். நுரைத்தது, சாம்பலும் சுண்ணாம்பும் நுரைக்கிற மாதிரி. பிளாட்டினக் கம்பியை அமிலத்தில் தோய்த்துத் தூளில் தொட்டு நெருப்பின் ஓரத்தில் பிடித்தேன். ஒரு பச்சை தெரிந்தது. கண்வெட்டும் நேரம். உடனே அது போய் செங்கட்டிச் சிவப்பு வந்தது, வந்து நின்றது. செங்கட்டிச் சிவப்பு என்றால் கல்சியம். எனக்கு அது போதுமாக இருந்தது. காலையில் துருசு, அதாவது செம்பு உப்பு, மாதிரி ஒன்று செய்திருந்தேன். கம்பியில் அதன் மிச்சம் ஒட்டியிருக்கும், பச்சை அதுதான் என்று நினைத்தேன்.

கம்பியை மறுபடி சுத்தம் செய்து இன்னொருமுறை பிடித்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பிடிக்கவில்லை. இடப்பக்கத்தில் பச்சையை எழுதவில்லை, வலப்பக்கத்தில் செம்பையும் எழுதவில்லை. சுகாதாரப் பரிசோதகரிடம் மூன்று கேள்வியையும் கேட்கவில்லை. திருநீற்றை எங்கே இருந்தது என்று யாராவது கேட்பார்களா? அறிக்கையில் ஏழாவது மாதிரிக்கு எதிரே 'கல்சியம் காபனேற்று, தீங்கற்றது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். தீங்கற்றது என்ற சொல்லைச் சேர் ஒருநாளும் எழுதவிட்டதில்லை. அது யாரும் கண்ணால் காணக்கூடிய ஒன்றில்லை என்பார்.

புதன்கிழமை அந்த வளவில் ஒருவர் செத்துப்போனார். கணபதி என்று பெயர். வார்ட்டில் இருந்த பிள்ளையின் தகப்பன் சிவலிங்கத்தின் அண்ணன், கிழிந்த வலை பொத்துகிறவர், தனி ஆள். நீண்டகாலமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. கால் எரிவும் அதனால்தான் என்று அவர் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை. வீட்டிலேயே சாவு, மறுநாளே எரித்துவிட்டார்கள். எங்களுக்கு இது அப்போது தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில் டொக்டர் சேருக்குத் தொலைபேசி எடுத்தார். சேர் நின்றுகொண்டே கேட்டார். வைத்துவிட்டு என் மேசைக்கு வந்து என் கொப்பியை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினார்.

"அந்தப் பிள்ளைக்குத் தலைமயிர் கொட்டுதாம். சீப்பு வைக்க முன்னமே தலையணையோடை கழண்டு வருதாம்," என்றார். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு, ஆஸ்பத்திரித் தண்ணி. எண்டாலும் நாளுக்கு நாள் கூடுதாம்."

பிறகு என் எழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"ஏழாவது. நெருப்பிலை என்ன நிறம் கண்டனீர்?"

"செங்கட்டிச் சிவப்பு சேர். எழுதியிருக்கிறன்."

அவர் போகவில்லை. "அதுக்கு முதல்?"

"பச்சை," என்றேன். "ஒரு கண்வெட்டுத்தான். கம்பியிலை செம்பு இருந்திருக்கும் எண்டு நினைச்சன்."

"நினைச்சதை நான் கேக்கேல்லை."

அவ்வளவுதான். அதற்கு மேல் அன்றைக்கும் அதற்குப் பிறகும் இதைப் பற்றி என்னை அவர் ஒரு வார்த்தை ஏசியதில்லை. கொப்பியை மெதுவாக மூடி வைத்துவிட்டு யன்னல்களைச் சாத்தினார். திரையை இழுத்துவிட்டார். புதுக் கம்பி ஒன்றை எடுத்து, நெருப்பில் ஒரு நிறமும் வராமல் போகும்வரை திரும்பத் திரும்ப அமிலத்தில் தோய்த்துச் சுட்டார். பிறகு ஏழாவது குப்பியிலிருந்து ஊசிமுனையளவு எடுத்தார்.

இருட்டில் அந்தப் பச்சை எழும்பியது. வெய்யில் பட்ட தளிரின் பச்சை. அறைச் சுவர், குப்பிகள், சேருடைய வெள்ளைச் சட்டை எல்லாவற்றிலும் ஒரு கணம் அது பட்டது. பிறகு இல்லை. சிவப்பு வந்து நின்றது. திங்கட்கிழமை நான் பட்டப்பகலில், திறந்த யன்னலுக்கு முன்னால் நின்று கண்டதன் முழு உருவம் அதுதான்.

தூளைத் தண்ணீரில் கலக்கி வடித்தார். வடிந்த தெளிந்த நீரில் பொற்றாசியம் அயடைட்டு விட்டார். பளிச்சென்று மஞ்சளாகப் படிந்தது. ஈயமும் மஞ்சளாகப் படியும். ஆனால் போட்டோ கழுவும் ஹைப்போவில் ஈயத்தின் மஞ்சள் கரைந்துவிடும். ஹைப்போ விட்டார். குலுக்கினார். நாங்கள் இருவரும் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மஞ்சள் அசையவில்லை.

"தாலியம்," என்றார் சேர். "ஒரு காலத்திலை எலிக்கு வைச்சவை. மணமில்லை, ருசியில்லை. சுண்ணாம்புச் சோக்குத் தூளோடை கலந்து விப்பினம்." முகமூடியைக் கழற்றினார். "பத்மாவதி, நீர் ஆஸ்பத்திரிக்குப் போம். அந்தத் தாய் பிள்ளைக்கு என்ன குடுக்கிறா எண்டு பாரும். நான் டொக்டருக்குச் சொல்லுறன். நான் போய்த் திருநீற்றைப் பூசாதையுங்கோ எண்டு சொன்னால் வேறை மாதிரி விளங்கும். நீர் சொல்லும்."

ஓட்டோவில் போனேன். வார்ட்டில் யன்னலோரக் கட்டிலில் அந்தப் பிள்ளை, தர்சினி, கண் மூடிப் படுத்திருந்தாள். கால்களின் மேல் சீலை படாமல் இருக்க கட்டிலின் இரு பக்கமும் கயிறு கட்டி அதன் மேல் போர்த்தியிருந்தார்கள். தலையின் ஒரு பக்கம் வெறும் தோல். மறுபக்கம் நீண்ட பின்னல் அப்படியே இருந்தது. தலையணையில் கொட்டிய மயிரைத் தாய் கைலேஞ்சித் துணி ஒன்றில் கவனமாகச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். பிள்ளையின் நெற்றியில் மூன்று குறி, புதிதாக, ஈரம் காயாமல்.

தாயின் பெயர் மகேஸ்வரி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் ஆய்வுகூடத்தில் இருந்து வருகிறேன் என்றதும் எழும்பி என் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரிலும் சாப்பாட்டிலும் ஒன்றும் இல்லை என்று நீங்கள் எழுதித் தந்ததைப் பி.எச்.ஐ. ஐயா வாசித்துக் காட்டினவர் என்றார். திருநீறும் தீங்கில்லை என்று எழுதியிருந்ததாம். அது பெரிய ஆறுதலாம். அதற்குப் பிறகு காலை, பின்னேரம் இரண்டு வேளையும் பூசி, நாக்கிலும் கொஞ்சம் வைக்கிறாராம். சீலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துப் பேப்பரில் மடித்த சரையை எனக்குக் காட்டினார். இன்னும் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

நான் பக்கத்தில் இருந்த துவாயை நனைத்து அந்தப் பிள்ளையின் நெற்றியைத் துடைக்கக் குனிந்தேன். மகேஸ்வரி என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். நல்ல பலமான பிடி.

"என்ன செய்யிறியள் மிஸ்? சாமியின்ரை காப்பு அது."

"தங்கச்சி, என்ரை நெத்தியைப் பாரும். நானும் பூசிறனான்," என்றேன். "இது திருநீறு இல்லை. எலிக்கு வைக்கிற நஞ்சு."

அவர் என் நெற்றியைப் பார்த்தார். பிறகு சரையைப் பார்த்தார். பிடி தளர்ந்தது. அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. துவாயை என் கையிலிருந்து வாங்கித் தானே பிள்ளையின் நெற்றியைத் துடைத்தார். பிறகு விரலால் வாயைத் திறந்து நாக்கைத் துடைத்தார். தன் நெற்றியைத் துடைக்க மறந்துபோனார். அதை நான்தான் துடைத்தேன்.

மத்தியானம் சேரும் நானும் சுகாதாரப் பரிசோதகரும் கொழும்புத்துறை வீட்டுக்குப் போனோம். கடற்கரைப் பக்கமாக, பெரிய வளவுக்குள் பழைய ஓட்டு வீடு. சொந்தக்காரர்கள் வெளிநாட்டில். சிவலிங்கம் குடும்பம் ஒரு வருடமாக வாடகைக்கு இருந்தது. பின்னால் கணபதி இருந்த ஓலைக் கொட்டிலில் சாவீட்டு வெள்ளைத் துணி இன்னும் அவிழ்க்காமல் தொங்கியது. சிவலிங்கம் விறாந்தையில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு காலையும் தண்ணீர்ச் சட்டிக்குள் வைத்திருந்தார். நெற்றியில் திருநீறு. அந்த எரிவுக்கு அதுதான் கொஞ்சம் சுகமாம்.

சுகாதாரப் பரிசோதகர் சாமியறையில் திருநீறு இருந்த பேணியைக் காட்டினார். சேர் சிவலிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவசரப்படவில்லை.

"தம்பி, உந்தப் பேணியை முதல் ஆர் திறந்தது?"

சிவலிங்கம் ஒவ்வொன்றாகச் சொன்னார். சமைக்கிற குசினியில் பலகை அடிக்கச் சுவரைத் தட்டியபோது ஓரிடத்தில் உள்ளே வெறுமை போலப் பொள்ளலாகச் சத்தம் கேட்டிருக்கிறது. பூச்சை உடைத்தால் உள்ளே விளக்கு வைக்கிற மாடம் ஒன்று. மாடத்தின் மேற்பக்கம் பழைய விளக்குப் புகையில் கறுத்திருந்தது. நடுவில் ஒரு பேணி, மூடி துருப்பிடித்து, ஒட்டியிருந்த பேப்பர் கறையான் தின்று ஒரு எழுத்தும் இல்லாமல். உள்ளே எண்ணெய்ப் பேப்பரில் சுற்றி வெள்ளைத் தூள். விளக்கு மாடத்துக்குள் இருந்தது என்பதால் வீட்டுப் பழைய ஆட்கள் கும்பிட்ட திருநீறு என்று மகேஸ்வரி கண்ணில் ஒற்றிக்கொண்டு சாமியறையில் வைத்தார். அண்ணைதான் முதல் பூசியவர் என்றார் சிவலிங்கம். கால் எரியத் தொடங்கிய பிறகு அண்ணை அதைத் தண்ணீரில் கரைத்தும் குடித்தாராம். செத்த பிறகு அவர் நெற்றியிலும் நிறையப் பூசித்தான் அனுப்பினார்களாம்.

சொல்லிக்கொண்டே போனவர் எங்கள் முகங்களைப் பார்த்து நிறுத்தினார். சேர் எழும்பி, சட்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, தன் கைலேஞ்சியை நனைத்து, அவருடைய நெற்றியைத் துடைத்துவிட்டார்.

மாடத்தை நான் போய்ப் பார்த்தேன். குசினி நடுப்பகலிலும் இருட்டாக இருந்தது. மாடத்தின் மூலையில் இரண்டு பல்லிகள் சருகாகக் காய்ந்து கிடந்தன. கடலோர வீட்டில், அரிசிச் சாக்கு வைத்திருக்கும் குசினியில், ஓர் எலிப் புழுக்கையைக்கூட நான் காணவில்லை. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எலித்தொல்லை இல்லை என்று மகேஸ்வரி சந்தோஷப்பட்டவர் என்று சிவலிங்கம் விறாந்தையிலிருந்து சொன்னார். ஏன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தப் பேணி திறக்கும்வரை மூடியே இருந்தது.

சேர் பேணியை ஈரப் பேப்பரில் சுற்றி, பிளாஸ்ரிக் வாளிக்குள் வைத்து மூடி, மூடியைச் சுற்றி ஒட்டினார். மகேஸ்வரி பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் சரை கட்டிக் கொடுத்திருந்தார். இரண்டையும் நான் போய் வாங்கினேன். ஒருவர் பிரிக்கவே இல்லை, மற்றவர் ஒருநாள்தான் பூசியிருந்தார். அவர்களையும் டொக்டரிடம் அனுப்பினோம்.

அந்த நஞ்சுக்கு மருந்து ஒரு நீலம். பிரஷ்யன் நீலம் என்று, படம் கீறுகிறவர்கள் பாவிக்கிற சாயம்தான், மருந்தாகச் சுத்தப்படுத்தியது. உள்ளே போய் நஞ்சைப் பிடித்து வெளியே கொண்டுவரும். அதைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க சேர் அந்தப் பின்னேரம் முழுக்கத் தொலைபேசியோடு இருந்தார். மூன்றாம் நாள் வந்தது. அதற்குப் பிறகு நான் வார்ட்டுக்குப் போன போதெல்லாம் தர்சினியின் உதடும் நாக்கும் பல்லிடுக்கும் கடும் நீலமாக இருந்தன. தலையில் ஒரு மயிர் இல்லை, புருவம் இல்லை. நீல வாயோடு அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க முயல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்டதும் பட்டதும் அதுதான்.

பிழைத்தாள். சிவலிங்கமும் பிழைத்தார், ஒரு வருடம் ஊன்றும் பொல்லோடு நடந்தார். மகேஸ்வரிக்கு மற்றவர்களை விடக் குறைவாகத்தான் பட்டிருந்தது. தனக்கு வைக்காமல் பிள்ளைக்கு மிச்சம் பிடித்ததால் இருக்கும் என்றார் டொக்டர். வீட்டுச் சொந்தக்காரரிடமிருந்து பிறகு பதில் வந்தது. அவருடைய பாட்டனார் புகையிலையும் நெல்லும் சேர்த்து வைத்தவராம், எலிக்கு மருந்து வாங்கி வைத்திருந்தவராம். பேரப்பிள்ளைகள் தவழத் தொடங்கியதும் அவர்கள் கைக்கு எட்டக்கூடாது என்று உயரத்தில் இருந்த மாடத்தில் வைத்து, அதுவும் போதாது என்று பூசி மூடிவிட்டாராம்.

ஆய்வுகூடத்தில் இரண்டாவது அறிக்கை போக வேண்டியிருந்தது. முதலாவதை எடுத்துவிட்டு இதை வைக்கலாமா சேர் என்று கேட்டேன். கேட்டபோது நான் அவரைப் பார்க்கவில்லை.

"அதைக் கிழிச்சால் அந்த நாலு நாளும் இல்லாமல் போகுமோ?" என்று கேட்டார்.

இரண்டையும் திகதி வரிசையில் ஒரே கோவையில் குத்தி வைத்தார். என் கொப்பியில், ஏழாவது மாதிரியின் பக்கத்தில், இடப்பக்கம் மிச்சமிருந்த வெற்றிடத்தில் 'முதலில் பச்சை. கண்வெட்டு நேரம்' என்று அன்றைய திகதி போட்டு என்னை மையால் எழுத வைத்தார். கணபதி பிழைத்திருப்பாரா என்று டொக்டரிடம் நான் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அவர்தான் அதிகம் எடுத்தவர், முந்தியே உடம்பில் ஊறியிருக்கும், புதன்கிழமைக்கு மருந்தும் வந்திருக்காது என்றார். உண்மையாக இருக்கலாம். ஆனால் பிள்ளையின் நாக்கில் வைத்த அந்த நான்கு நாட்களுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், நான் கொழும்புத்துறைக்குப் போனேன். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவர்கள் அந்தப் பெரிய வீட்டை விட்டு இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு சிறிய கல்வீட்டுக்கு மாறியிருந்தார்கள். மகேஸ்வரி பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் கொண்டுவந்து வைத்தார். நெற்றியில் ஒன்றும் இல்லை. என் நெற்றியில் இருந்ததை அவர் பார்த்ததைக் கண்டேன்.

குடிக்க முன்னமே சொன்னேன். திங்கட்கிழமை அந்தத் தூளை நெருப்பில் பிடித்தபோது ஒரு பச்சையைக் கண்டேன், எழுதவில்லை, திரும்பப் பிடித்தும் பார்க்கவில்லை, தீங்கில்லை என்று எழுதியது நான்தான் என்றேன். அதை எழுதியிருந்தால் உங்கள் மகள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த நான்கு நாளும் நீங்கள் அதை அவளுக்குக் கொடுத்திருக்க மாட்டீர்கள் என்றேன். மன்னிப்பு என்ற சொல்லை நான் கொண்டுபோயிருந்தேன், ஆனால் அது வெளியே வரவில்லை.

வெளியே கடலிலிருந்து வள்ளம் இழுக்கிற ஆட்களின் சத்தம் கேட்டது. மகேஸ்வரி என்னை எழும்பிப் போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லட்டும் என்றும் இருந்தது.

"வெள்ளிக்கிழமையிலை நான் காகத்துக்குச் சோறு வைக்கிறனான் மிஸ்," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அந்தத் திருநீற்றிலை ஒரு கிள்ளு எடுத்துச் சோத்திலை தூவிப் படைச்சுப்போட்டு வைச்சனான். இரண்டு வெள்ளி வைச்சன். முருங்கைக்குக் கீழை மூண்டு காகம் செத்துக் கிடந்தது."

நான் அவரைப் பார்த்தேன்.

"பிள்ளைக்கு வயித்துக்குத்து வரமுந்தி. மத்தாக்கள் கண்டால் அபசகுனம் எண்டு இவரைக் கடலுக்குப் போக விடாயினம். கொண்டுபோய்க் கரையிலை மண்ணுக்கை தாட்டுப்போட்டு வந்தன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இவருக்கும் சொல்லேல்லை. டொக்டர் கேட்டவ, கோழி நாய் ஏதும் செத்ததோ எண்டு. இல்லையெண்டு சொன்னன்." சீலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "கோழி நாய் எண்டுதானே கேட்டவ."

தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. அவர் செய்தது பெரிதில்லை என்று நான் சொல்லியிருக்கலாம், நான் செய்தது பெரிதில்லை என்று அவரும் சொல்லியிருக்கலாம். நாங்கள் சொல்லவில்லை.

உள்ளே தர்சினி புத்தகம் புரட்டும் சத்தம் கேட்டது. சோதனைக்குத் திரும்பப் படிக்கத் தொடங்கியிருந்தாள். மகேஸ்வரி கதவுப் பக்கம் பார்த்தார்.

"அவள் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள், ஆஸ்பத்திரியிலையும் ஏன் கூடினது எண்டு. நான் ஒண்டும் தெரியாதெண்டுதான் சொல்லி வாறன்."

பிறகு குரல் கொடுத்து மகளைக் கூப்பிட்டார். தர்சினி வந்தாள். கால் இன்னும் சரியாக ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்து நடந்தாள். தலை முழுக்க மயிர் முளைத்திருந்தது, விரல் அகலத்துக்கு, முன்பு இருந்ததைவிடச் சுருளாக. எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்த கதிரையில் உட்கார்ந்து, ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்தாள்.

"ஆர் முதல் சொல்லுறது?" என்று மகேஸ்வரி என்னைக் கேட்டார்.

"நான்," என்றேன்.